உதைத்தால் எழுந்தருளும் பெருமான்

எங்கள் தெரு முற்பிறப்பில் ஏதோ பெரும்புண்ணியம் செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், சென்னை மாநகரில் இத்தனை ஆயிரம் தெருக்கள் இருக்க, எதிர்வீட்டுப் பெருந்தகை எங்கள் தெருவைத் தேர்ந்து குடிவந்திருக்க மாட்டார். வந்த அன்று, மனைவியாரின் பீரோவுக்கும் பிள்ளைகளின் கட்டிலுக்கும் முன்னதாக, குட்டியானை வண்டியிலிருந்து ஒரு திருமேனி இறங்கியது. கயிறு அவிழ்த்து, கோணி விலக்கி, பலகை சாய்த்து, நான்கு பேர் தாங்கிப் பிடிக்க, எதிர்வீட்டார் அருகில் நின்று ‘மெதுவா, மெதுவா’ என்று மந்திரம்போல் ஓத, பெருமான் மண்ணில் தடம் பதித்தார். பதித்த இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தது. ஏழாண்டுகள் ஆகின்றன. அந்தச் சொட்டு இன்னும் அங்கேயே இருக்கிறது, தம்பி தங்கைகளோடு.

பெருமான் எழுபதுகளில் அவதரித்த ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள். எந்த ஆலையில் அவதரித்தார் என்று சொல்ல மாட்டேன். அகத்திணையில் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சொல்லலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. எதிர்வீட்டாருக்கும் பெருமானுக்கும் இடையே நிலவுவது ஐயத்துக்கு இடமில்லாத அகத்திணை. ஊரார் அலர் தூற்றுகிறார்கள், வீட்டார் கடிந்துகொள்கிறார்கள், மாதத்தில் பாதி நாள் பிரிவும் இரங்கலுமாகக் கழிகிறது. அவருடைய மனைவியார் மட்டும் இது கைக்கிளை என்று கருதுகிறார். அம்மையார் தமிழாசிரியை.

ஞாயிறுதோறும் காலை ஐந்து மணிக்குத் திருப்பள்ளியெழுச்சி. இக்காலத்து வண்டிகளின் இழிநிலை தாங்கள் அறியாததன்று. பித்தானைத் தொட்டால் போதும், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் ஏவலாளைப்போல் எழுந்து நிற்கும். மானம், ரோஷம் ஏதும் கிடையாது. பெருமானிடம் அந்த வேலை நடக்குமா? பெட்ரோல் குழாயைத் திறக்க வேண்டும். சோக்கை இழுக்க வேண்டும். டீகம்ப்ரஸர் பிடியை அழுத்திக்கொண்டு கிக்கரை நாலைந்து முறை மென்மையாக மிதிக்க வேண்டும். பிறகு பிடியை விட்டுவிட்டு, அம்மீட்டரின் முள் நடுவில் வந்து நிற்கும் அந்தப் புனித நொடிக்காகக் கருட தரிசனத்துக்குக் காத்திருக்கும் அடியாரைப்போல் குனிந்து பார்த்தபடி மிதிக்க வேண்டும். முள் நின்றதும், பிஸ்டன் உச்சியை ஒரு நெல்லளவு தாண்டும்படி நகர்த்தி, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பின் எடை முழுவதையும் வலக்காலில் இறக்கி உதைக்க வேண்டும். உதைத்த பிறகு என்ன ஆகும் என்று அவசரக்காரர்கள் கேட்பார்கள். ஒன்றும் ஆகாது. மறுபடியும் பெட்ரோல் குழாயிலிருந்து தொடங்க வேண்டும்.

கும்பகருணனை எழுப்ப இராவணன் மல்லர்களையும் யானைகளையும் குதிரைகளையும் ஏவவேண்டியிருந்தது. எதிர்வீட்டார் தனியொருவராக அதைச் செய்கிறார். கும்பகருணன் எழுந்து போருக்குப் போனான். பெருமான் எழுந்து மகாபலிபுரத்துக்கு இட்லி சாப்பிடப் போகிறார். வேறுபாடு அவ்வளவுதான்.

பிரம்படி பட்டவரையும், கண்ணப்பரின் செருப்புக் காலைத் திருமுகத்தில் தாங்கியவரையும் தொழுத நாடு இது. அடிவாங்கும் தெய்வம் நமக்குப் புதிதன்று. ஆனால் அவர்கூடத் திருப்பி உதைத்ததாகப் புராணம் இல்லை. பெருமான் உதைப்பார். ‘பேக் கிக்’ என்பது இதற்கு அடியார்கள் இட்ட பெயர். பாயிண்ட் சற்று முந்தித் திறந்துவிட்டால், பிஸ்டன் உச்சியை எட்டுமுன்பே தீப்பற்றி, போன வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் கிக்கர் திரும்பி வரும். சென்ற ஆண்டு அவ்வாறு அருள்பாலிக்கப்பட்டு எதிர்வீட்டார் மூன்று வாரம் கணுக்காலில் மாவுக்கட்டோடு இருந்தார். பார்க்கப் போனேன். வலியில் முகம் சுருங்கியிருந்தாலும் கண்களில் ஒளி குறையவில்லை.

“இது வண்டி இல்ல சார். உறவு. புது வண்டி எல்லாம் நம்மகிட்ட பேசவே பேசாது சார்.”

உண்மைதான். என்னுடைய ஸ்கூட்டர் பதினோராண்டுகளாக என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருமுறைகூட என் எலும்பை முறிக்க அதற்குத் தோன்றவில்லை. அப்படிப்பட்ட உறவற்ற உலோகத்தின்மேல் ஏறித்தான் தபாலாபீசுக்கும் மருந்துக்கடைக்கும் போய்வந்திருக்கிறேன் என்று எண்ணும்போது கூச்சமாக இருக்கிறது.

எண்ணெய் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெருமான் கொடையாளி. உள்ளே எவ்வளவு ஊற்றினாலும் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் வெளியே வழங்கிவிடுவார். மார்கழியில் எதிர்வீட்டு அம்மையார் வாசலில் கோலமிட வரும்போது புள்ளிகள் முன்பே வைக்கப்பட்டிருக்கும்; எண்ணிக்கை நாளுக்கு நாள் கூடும்; அம்மையாருக்குக் கம்பியிழுக்கும் வேலை மட்டும்தான் மிச்சம். மெக்கானிக் பாயிடம் இதை முறையிட்டபோது அவர் அருளிய வாக்கு, பிழைக்கத் தெரிந்த மனிதரின் வாக்கு: “பழைய வண்டி சார், ஒழுகத்தான் செய்யும். ஒழுகுறது நின்னுச்சுன்னா சொல்லுங்க, உள்ள ஆயில் காலின்னு அர்த்தம்.”

பாயின் பட்டறையைப் பற்றி அவ்வளவு சுருக்கமாகப் பேச முடியாது. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவை, அவனுடைய ஆயுதசாலையைக் கண்டு வியந்ததைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். இங்கே படைக்கலங்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவல்மனையில் அழகாக இருக்கின்றன. எங்கள் மன்னனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள் அந்த மூதாட்டி. அந்த இலக்கணத்தை எங்கள் தெருவுக்குப் பொருத்திப் பாருங்கள். மற்றவர்களின் வண்டிகள் துடைத்து, காற்றடித்து, வீட்டு வாசலில் வெட்கமில்லாமல் ஓடும் நிலையில் நிற்கின்றன. பெருமான் மட்டுமே எப்போதும் கொல்லன் பட்டறையில் இருக்கிறார். பட்டறையில் இருப்பதே வீரத்துக்குச் சான்று என்றால், ஏழாண்டுகளில் இவருக்கு நிகரான வீரர் சோழமண்டலக் கரையில் இல்லை.

டாப்பெட், கண்டென்ஸர், கிளட்ச் தட்டு, ஆயில் சீல், மறுபடி ஆயில் சீல். ஒவ்வொன்றுக்கும் எதிர்வீட்டார் புதுப்பேட்டைக்கு யாத்திரை போவார். கடை கடையாக ஏறி இறங்கி, ‘ஒரிஜினல்’ என்று நம்பத்தக்க துருப்பிடித்த ஒன்றை, புதியதைப்போல் மூன்று பங்கு விலைகொடுத்து வாங்கி, குழந்தையைப்போல் துண்டில் சுற்றிக்கொண்டு வருவார். அவருடைய தந்தையார் இதே வகை வண்டி ஒன்று வைத்திருந்தாராம். ஓட்டி ஓட்டி இடுப்பு போய், கடைசியில் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டு, அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினாராம். தந்தை தூக்கியெறிந்த செல்வத்தை மகன் தேடிப்பிடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வது குலப்பெருமையன்றி வேறென்ன?

இவ்வகைப் பெருமான்களுக்குள் உலகறிந்த குலத்தின் வரலாறும் கேட்கத்தக்கது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் இருந்த என்ஃபீல்டு ஆலை, ‘துப்பாக்கியைப்போல் செய்யப்பட்டது’ என்ற விருதுவாசகத்தோடு 1901 முதல் மோட்டார் சைக்கிள் செய்துவந்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்கென்று நமது இராணுவம் 350 சிசி புல்லட் 800 கேட்க, அதன் தொடர்ச்சியாக 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச்சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா பிறந்தது. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. பட்டினத்தார் அடங்கிய தலம் அது. அவர் ஒரே நாளில் அனைத்தையும் துறந்தவர். ஆலை அதற்கு நேர்மாறான நெறியைக் கைக்கொண்டது. ரெட்டிச்காரர்கள் சலன புத்தியுள்ளவர்கள். 1967-இல் ஆலையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். திருவொற்றியூர் அசையவில்லை. 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் வீச்சு, 346 சிசி, வார்ப்பிரும்பு சிலிண்டர் என்ற அந்த அடிப்படை, அரை நூற்றாண்டு உலகம் எவ்வளவோ மாறியும் மாறவில்லை. மனிதன் நிலவுக்குப் போய்த் திரும்பி, இனிப் போகவேண்டாம் என்று முடிவெடுத்த பிறகும் மாறவில்லை. 1977 முதல் ஆங்கிலேயருக்கே ஏற்றுமதியும் ஆனது. வெள்ளையன் விட்டுச்சென்றதை அவனைவிட உறுதியாகப் பற்றிக்கொள்வதில் நமக்கிருக்கும் தேர்ச்சி ஆட்சிமொழியில் மட்டும் இல்லை என்பதற்கு இது சான்று.

வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக் என்பதும் அந்தப் பழைய ஆங்கில மரபே. உலகத்தார் மாற்றிக்கொண்டார்கள். மைத்துனருடைய புது வண்டியை ஒருநாள் இரவல் வாங்கிய எதிர்வீட்டார், சிக்னலில் பிரேக் என்று கருதிக் கியரை மிதித்து ஓர் ஆட்டோவின் பின்புறத்தை நெற்றியால் வணங்கினார். இரு மரபுகளிலும் புலமை உடையோருக்கு நேரும் சிறு தடுமாற்றம் அது. மைசூரில் 1961 முதல் 1996 வரை ஜாவாவும் எஸ்டியும் செய்தவர்கள் இன்னும் ஒருபடி மேலே போய், உதைக்கும் கிக்கரையே மடக்கிக் கியராகவும் பயன்படுத்தும் விந்தையை வழங்கினார்கள். அவ்விரண்டிலும் புகைகூட இரட்டைக் குழலில் வரும். அந்தச் சம்பிரதாயத்தார் வேறு. அவர்களைப் புகழ எனக்குத் தகுதி போதாது.

இனி ஓசை. இங்கே என் எழுதுகோல் நடுங்குகிறது. பெருமான் தெருவில் நுழையும்போது எங்கள் சன்னல் கண்ணாடிகளும் இவ்வாறே நடுங்கும். 175 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள் ஆலையிலிருந்து புறப்படும்போது 80 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று நம் அரசு ஒரு கஞ்சத்தனமான வரம்பு வைத்திருக்கிறது. ஆலைக்காரர் பூட்டிய சைலன்சர் அந்த வரம்புக்கு உட்பட்டுத் தாழ்ந்த குரலில் பேசுமாம். எதிர்வீட்டார் வந்த மறுமாதமே அந்த அவமானத்தைக் கழற்றியெறிந்து, உள்ளே தடுப்பு ஏதுமில்லாத வெறுங்குழாய் ஒன்றைப் பூட்டினார். அன்றுமுதல் எங்கள் தெரு ஓசைச் செல்வத்தில் புரள்கிறது. மூன்றாம் வீட்டில் பிறந்து நாற்பது நாள் ஆன குழந்தை, பால் குடித்துக் கண்ணயரும் வேளை பார்த்துப் பெருமான் புறப்படுவார். குழந்தை தொட்டிலிலிருந்து துள்ளும். இசைஞானம் இளமையிலேயே ஏறுகிறது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட கோடிவீட்டுப் பெரியவருக்கு, தம் நெஞ்சு இன்னும் துடிக்கிறது என்பதை வாரம் ஒருமுறை கையை வைத்துப் பார்த்து உறுதிசெய்துகொள்ளும் நற்பழக்கம் ஏற்பட்டிருக்கிறது. நிறுத்தியிருக்கும் கார்கள் எல்லாம் அலாரம் எழுப்பி வாழ்த்துகின்றன. தெருநாய்கள் நெடுந்தூரம் ஓடிச்சென்று வழியனுப்புகின்றன. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டு, நிலையாமையைப் பற்றிச் சிந்திக்கிறார்கள்.

ஓசையைப் பற்றி ஒருமுறை பணிவோடு விண்ணப்பித்துக்கொண்டேன். “சத்தம் இல்ல சார், அது பீட்டு,” என்றார். “சத்தமா இருந்தாதான் சார் சேஃப்டி. எதிர்ல வர்றவன் ஒதுங்குவான்.” என் செவியின் கல்வியின்மையை உணர்ந்து திரும்பிவந்தேன். மோட்டார் வாகனச் சட்டம் இந்தக் கலைக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது. சில நகரங்களில் போலீஸார் இத்தகைய குழாய்களைப் பிடுங்கி, நடுத்தெருவில் வரிசையாகப் படுக்கவைத்து ரோடு ரோலர் ஏற்றினார்கள் என்றும் செய்தி படித்தேன். நாளேட்டில் அந்தப் படத்தைப் பார்த்து எங்கள் தெருவில் கண்ணீர் விடாதவர் இல்லை. கண்ணீர் எத்தன்மையது என்று நான் விளக்கப் புகவில்லை.

எதிர்வீட்டார் வெறும் ஓட்டுநர் அல்லர், தத்துவஞானி. ஓட்டுவது ஊர்போய்ச் சேர்வதற்காக அன்று, தன்னை அடைவதற்காக என்பது அவருடைய சித்தாந்தம். ஊர்போய்ச் சேர்வது பெரும்பாலும் நடப்பதில்லையாதலால் சித்தாந்தத்துக்கும் அனுபவத்துக்கும் முரண்பாடே இல்லை. தன்னை அடையத் தனிமை வேண்டுமல்லவா? அதற்காக நாற்பது பேர் சேர்ந்து போகிறார்கள். கூட்டத்திலிருந்து வேறுபட்டவர்கள் என்பதால், நாற்பது பேருக்கும் ஒரே கறுப்புத் தோலங்கி, முதுகில் ஒரே மண்டையோடு, ஒரே அளவுத் தாடி. சித்திரை மாதத்துச் சென்னை வெயிலில் எருமையே தண்ணீரைத் தேடி இறங்கும் பகல்வேளையில், தோலங்கியின் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிக்கொண்டு நிற்கும் அந்தத் துறவு, பஞ்சாக்கினி நடுவே தவம் செய்த முனிவர்களுக்கும் வாய்த்ததில்லை.

முன்னாண்டு லடாக் போனார். கர்துங் லா கணவாயில் ‘18,380 அடி’ என்ற பலகைக்கு முன்னால், இரு கைகளையும் விரித்தபடி எடுத்துக்கொண்ட படம் வீட்டுக் கூடத்தில் தாய்தந்தையர் படத்தைவிடச் சற்று உயரத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. அளந்து பார்த்தவர்கள் அந்தக் கணவாயின் உயரம் 5,359 மீட்டர், அதாவது ஏறத்தாழ 17,582 அடிதான் என்கிறார்கள். பலகை எண்ணூறு அடி கூட்டிச் சொல்கிறதாம். அங்கே போய்வந்தவர்கள் சொல்லும் கதைகளோடு இவ்வளவு இசைவாக ஒரு பலகையை நட்டவர் எவரோ, அவரும் ஓர் அடியாராகத்தான் இருக்க வேண்டும். பெருமான் அந்தப் பயணத்தில் பெரும்பகுதியை ரயில் பெட்டியிலும், மணாலிக்கு அப்பால் ஒரு லாரியிலும் மேற்கொண்டார் என்பது படத்தில் தெரியாது.

அவருடைய மேசையில் ஒரு நூல் உண்டு. ராபர்ட் பிர்சிக் எழுதி, 121 பதிப்பகங்கள் திருப்பியனுப்பி, 1974-இல் வெளியான ‘ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’. வேதம் என்றே அதைக் குறிப்பிடுவார். நாற்பத்தோராம் பக்கத்தில் மாநகரப் பேருந்துச் சீட்டு ஒன்று அடையாளமாக இருக்கிறது. ஏழாண்டுகளாக அங்கேயே இருக்கிறது. வேதத்தை ஒரேயடியாகப் படித்து முடிப்பது அகங்காரம். படித்து முடித்துவிட்டால், அந்த ஞானி 1968-இல் மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மினசோட்டாவிலிருந்து கலிபோர்னியாவரை போனது இரண்டாண்டுக்குச் சற்றே மூத்த, சொன்னபடி கேட்கும் ஜப்பானிய ஹோண்டாவில் என்ற அபஸ்வரமான செய்தியையும் எதிர்கொள்ள நேரும். தலைப்பில் ‘பராமரிப்பு’ என்று ஒரு சொல் இருப்பதும் அச்சுப்பிழையாகத்தான் இருக்க வேண்டும்.

சுவரில் சே குவேராவும் இருக்கிறார். 1952-இல் நண்பர் ஆல்பெர்தோ கிரனாதோவோடு அவர் புறப்பட்டது 1939-ஆம் ஆண்டு நார்ட்டனில். ‘பேராற்றல் உடையவள்’ என்று பெயர் சூட்டியிருந்தார்கள். சிலி நாட்டை எட்டியதும் அந்தப் பேராற்றல் உயிர்விட்டது. பிறகு நடந்தும் லாரிகளில் தொற்றியும் போனபோதுதான் சுரங்கத் தொழிலாளிகளையும் தொழுநோயாளிகளையும் கண்டு மனம் மாறினார். பழைய மோட்டார் சைக்கிள் உலகப் புரட்சிக்கு ஆற்றிய தொண்டு என்ன என்று இனி எவரும் கேட்க வேண்டாம்: சரியான நேரத்தில் நின்றுபோனது. பெருமானும் அந்தத் தொண்டைத்தான் ஓயாமல் ஆற்றிவருகிறார். கிண்டி மேம்பாலத்தில் அவர் நின்றபோதெல்லாம் பின்னால் வந்த மக்களிடையே புரட்சி மனப்பான்மை கொழுந்துவிட்டதை நானே கண்டிருக்கிறேன்.

அரேபியாவின் லாரன்ஸ் என்று பேர்பெற்றவர் ஏழு பிரஃப் சுப்பீரியர்களை அடுத்தடுத்து வைத்திருந்து, 1935 மே மாதம், சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள்மேல் மோதாதிருக்க ஒடித்து, ஏழாவதிலிருந்து விழுந்து, ஆறாம் நாள் இறந்தார். தலையில் ஒன்றும் அணிந்திருக்கவில்லை. அவரைப் பார்த்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கேர்ன்ஸ் அதன்பிறகு தலைக்காயங்களை ஆராய்ந்து எழுதியதன் பயனாகத்தான், போர்க்காலத்தில் பிரிட்டிஷ் இராணுவத்தின் மோட்டார் சைக்கிள் தூதர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. எதிர்வீட்டாரும் தலைக்கவசத்தை மிகவும் மதிப்பவர். இத்தாலிய வேலைப்பாடு. கீறல் விழாமலிருக்க அதை முழங்கையில் மாட்டிக்கொண்டுதான் ஓட்டுவார்.

சென்ற ஐப்பசியில் ஓர் இரவு இரண்டு மணிக்கு எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. அவருடைய தாயாருக்கு மூச்சுத்திணறல். ஆம்புலன்சுக்குச் சொல்லியிருந்தார்கள், மழைநீரைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருந்ததால் தாமதம். வீட்டில் இருந்த ஆக்ஸிஜன் சிலிண்டர் காலி. மாற்று சிலிண்டர் இரண்டு கிலோமீட்டர் தொலைவில் ஒரு மருந்துக்கடையில் இருந்தது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டார் வெளியே ஓடிவந்தார். பெருமான் புதுக் குரோமியம் பளபளக்க, மழையுறை போர்த்தி, தாழ்வாரத்தில் கொலுவீற்றிருந்தார். அம்மையாரின் ஸ்கூட்டர் மழையில் நனைந்துகொண்டு தெருவில் நின்றது. எதிர்வீட்டார் பெருமானை ஏறிட்டும் பாராமல் ஸ்கூட்டரில் ஏறிப் பித்தானை அழுத்தினார். பதினைந்து நிமிடத்தில் சிலிண்டரைக் காலிடுக்கில் நிறுத்தி, அணைத்துப் பிடித்தபடி திரும்பிவிட்டார். ஸ்கூட்டர் வந்தது எவர் காதிலும் விழவில்லை. தாயார் இப்போது நலமாக இருக்கிறார்.

மறுநாள் காலை தாழ்வாரத்தில் அவரைக் கண்டேன். பெருமானின் பெட்ரோல் டாங்கை மான்தோலால் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்கூட்டர் தெருவிலேயே நின்றது, சக்கரத்தில் சேற்றோடு.

“நேத்து ராத்திரி இவன எழுப்ப மனசு வரல சார்,” என்றார். “மழை வேற.”